வெல்லவாயவில் எந்தப் பக்கம் திரும்புவது? கடலோரத்துக்குச் சாப்பிடப் போகும் மலைநாட்டாருக்கு

மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற வேன்களில் வெல்லவாய வரும்போது ஒரு சண்டை வரும். எல்லவிலிருந்து ராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வளைந்து வளைந்து வந்த பாதை அங்கே சமதரையைத் தொடுகிறது. தெற்கே போகிற ஏ2 பாதை தணமல்வில வழியாக அம்பாந்தோட்டைக்குக் கொண்டுபோய்விடும். கிழக்கே போகிற ஏ4 பாதை புத்தல, மொனராகலை தாண்டிப் பொத்துவிலில் கடலைத் தொட்டு, பிறகு கரையை ஒட்டிக்கொண்டே மட்டக்களப்பு வரை போகும். எங்கள் வீட்டில் தெற்குக் கட்சிக்கு மனைவி தலைமை. கிழக்குக் கட்சிக்கு என் அம்மா, அதாவது பிள்ளைகளின் அப்பாயி. சாரதிக்கு இரண்டும் ஒன்றுதான். தான் ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் முடிவைச் சொன்னால் போதும் என்பார்.

கடல் பார்க்க மட்டும் போகிறவர்கள் இந்தச் சண்டையில் சேர வேண்டாம். கடல் எந்தக் கரையிலும் தண்ணீர்தான். நாங்கள் போவது சாப்பிடுவதற்கு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மீன் என்றால் கருவாடு, இல்லாவிட்டால் டின் மீன். ஐஸ் போட்டு லொறியில் ஏறி வருகிற மீன் பண்டாரவளைச் சந்தையை அடையும்போது அதுவும் நம்மைப் போலவே பயணக் களைப்பில் கண் மங்கிக் கிடக்கும். இனிப்பு என்றால் தீபாவளிக்கு வீட்டில் சுடுகிற அதிரசம், முறுக்கு. மற்ற நாட்களில் டவுன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை நாளாக இருக்கிறதென்று தெரியாத லட்டு. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை கீழே இறங்கினால், செலவழிக்கிற காசுக்கு நாக்கு நன்றி சொல்ல வேண்டும். பல விடுமுறைகள் இரண்டு பக்கமும் போய்த் தின்று, ஒன்றிரண்டு தடவை வயிற்றைக் கெடுத்துக்கொண்ட அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழாகிவிடும். கிழக்கில் வாடைக்காற்றும் மழையும், சில வருடங்களில் வெள்ளமும். குளிக்கப் போகிறவர்களுக்குத்தானே இந்தக் கணக்கு என்று நினைக்கக்கூடாது. வள்ளம் கடலுக்குப் போகாத நாளில் கரையோரச் சாப்பாட்டுக் கடைக்கும் மீன் லொறியில்தான் வருகிறது. அந்த மீனைத் தின்பதற்கு ஐந்து மணி நேரம் வேனில் குலுங்க வேண்டியதில்லை. ஆகவே ஓகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு, டிசம்பர் கடைசி என்றால் தெற்கு. ஏப்ரலில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தெற்கில் பெரும்பாலான கடைகள் பூட்டிக்கிடக்கும். ஒரு வருடம் பதினைந்தாம் தேதி போய் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்றுவிட்டு வந்தோம்.

இன்னொன்று, விடிந்த பிறகு இறங்குங்கள், இருட்டுவதற்கு முன் ஏறிவிடுங்கள். 2025 செப்டெம்பரில் தங்காலையிலிருந்து சுற்றுலா வந்த பஸ் ஒன்று இரவில் எல்ல–வெல்லவாய பாதையில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்துபோனார்கள். மொனராகலை தாண்டிய பிறகு லகுகலை காட்டில் யானைகளும் உண்டு. தயிர்ச் சட்டிக்காக யாரும் உயிரைக் கொடுக்க வேண்டாம்.

தெற்கு: சட்டியும் பாணியும்

தெற்குப் பக்கத்தில் சாப்பாடு ஊருக்குள் போய்த் தொடங்குவதில்லை, பாதையிலேயே தொடங்கிவிடுகிறது. தணமல்விலப் பக்கம் அவித்த சோளப்பொத்தி, அதைத் தாண்டி வீரவில, திஸ்ஸமஹாராமப் பக்கம் வந்தால் இரண்டு கரையிலும் தயிர்க் கடைகள். மண் சட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாய்க்குக் காகிதம் கட்டி வைத்திருப்பார்கள். எருமைப் பால் தயிர். பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் கொழுப்பு இருந்தால் எருமைப் பாலில் ஏழு பங்கு அளவில் இருக்கும், கெட்டித்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. மீதி வேலையைச் சட்டி செய்கிறது. மெருகு போடாத மண், தயிரில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் கோப்பையில் உறைய வைத்த தயிருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

வாங்கும்போது சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், தயிர் நகரக்கூடாது. நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். இலேசாக மஞ்சள் தட்டினால் பசும்பால் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது விஷமல்ல, ஆனால் எருமைத் தயிரின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதுமில்லை. எப்போது உறை ஊற்றியது என்று கேட்டால் கடைக்காரர்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள், ஏனென்றால் திறந்த உடனே புளிப்பு சொல்லிக்கொடுத்துவிடும்.

பாணி விஷயத்தில்தான் நான் முரண்டு பிடிப்பேன். தெற்கில் தயிருக்குக் கித்துள் பாணி ஊற்றித் தின்பதுதான் முறை, அதற்கு ஈடு இல்லை. ஆனால் கித்துள் மரம் ஈரலிப்பான மலைப் பக்கத்து மரம். காய்ந்து கிடக்கும் அம்பாந்தோட்டை மண்ணில் வளர்வதல்ல. அதாவது மேலே இருந்து இறங்கிய பாணியை, மேலே இருந்து இறங்கிய நாம், கீழே காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படி வருகிற போத்தல்களில் எத்தனை சீனிப்பாகு என்பது வேறு கதை. பாதையோரத்தில் வாங்கிய ஒரு போத்தலை எங்கள் வீட்டுக் குளிரில் இரண்டு கிழமை வைத்திருந்தோம். அடியில் சீனி கட்டியாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து பக்கத்துக் கிராமத்தில் கித்துள் சீவுகிறவரிடம் ஒரு போத்தல் வாங்கி வேனில் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறோம். தயிர் மட்டும் அவர்களுடையது.

அம்பாந்தோட்டைக்கு வந்தால் தொதல். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரர்களாக வந்து தங்கிய மலாய் மக்கள் இன்றும் வாழும் ஊர் இது. தொதலும் அவர்கள் கைப்பட்ட பண்டம்தான். அரிசி மா, தேங்காய்ப் பால், சர்க்கரை, இவ்வளவுதான் சாமான். ஆனால் பெரிய தாச்சியில் போட்டு மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும், கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். தேங்காய்ப் பால் வற்றி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கும் வரை கிண்டுவார்கள். அவசரப்பட்டு இறக்கிய தொதல் பல்லில் ஒட்டும், நன்றாகக் கிண்டியது கையில்கூட ஒட்டாது. வெட்டிய முகம் பளபளக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பழைய தேங்காயெண்ணெய் நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தால் அது போன கிழமைத் தொதல்.

மலாய் வீட்டுச் சாப்பாட்டில் பிட்டும் பாபத்தும் என்று ஒரு ஜோடி உண்டு. பாபத் என்பது மாட்டுக் குடல் கறி. மனைவிக்கு அது உயிர். அம்மா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

சிங்களச் சோற்றுக் கடைகளில் அம்புல் தியல் இருக்கிறதா என்று கேளுங்கள். சூரை மீனைக் கொரக்காப் புளியும் மிளகும் பூசி வற்ற வைத்த கறுப்புக் கறி. அது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாள் கெடாது. தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கருவாட்டுக்கு அடுத்து இதைவிட நல்ல சாமான் கிடையாது.

குறையையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட அம்பாந்தோட்டை, பிறகு வந்த பெரிய திட்டங்களால் அகலமான பாதைகளோடு பரந்து கிடக்கிறது. வாகனத்துக்கு அது நல்லது. பசித்தவனுக்கு நல்லதல்ல, ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நடந்து போக முடியாது. மூன்று இடத்தில் மூன்று பண்டம் தின்ன வேண்டுமென்றால் மூன்று தடவை எல்லாரையும் வேனில் ஏற்றி இறக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக் கடையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறும் பருப்பும் தேடி நான் பட்ட பாட்டில், மீன் எடுத்த அதே கரண்டியாலேயே பருப்பையும் எடுத்துப் போட்ட கடைக்காரரைப் பார்த்து, அம்மா தட்டை மூடி வைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிட்டது தயிரும் பாணியும்தான். குறை சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது.

அறுகம்குடா: சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்

பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்குடா அலைச்சறுக்குக்கு உலகம் அறிந்த இடம். வெளிநாட்டுப் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற அந்தத் தெருவைப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை, அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு அது நமக்கான ஊரல்ல. பழத்தை அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி மேலே நாலு விதை தூவித் தருவதற்கு வாங்குகிற காசில் பொத்துவில் டவுனுக்குள் ஒரு குடும்பம் வயிறாரச் சோறு தின்னலாம். ஒரு தடவை கடல் பார்த்த கடை ஒன்றில் ஆறு பேருக்குச் சோறு சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வந்த சோற்றில் உறைப்பே இல்லை. வெள்ளைக்காரருக்குச் சமைத்துச் சமைத்துக் கை பழகிவிட்டது போலிருக்கிறது. சின்னவள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, வீட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் இதைவிட நல்லம்" என்றாள்.

ஒரே ஒரு காரணத்துக்காக அங்கே நிற்கலாம். காலையில் குடாவின் தெற்கு முனையில் வள்ளங்கள் கரையேறும்போது போனால், மீன் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். சமைத்துத் தருகிற தங்குமிடம் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வாழைப்பழ ரொட்டி ஒன்று தின்றுவிட்டு வடக்கே போய்க்கொண்டே இருங்கள்.

மட்டக்களப்பும் காத்தான்குடியும்

அம்மாவின் கட்சி இதுதான், கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்ட கட்சி. பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் வெல்லவாய வழியாகப் போகலாம். புத்தலவுக்கு முன்னால் பெல்வத்தைக் கரும்புத் தோட்டங்களைத் தாண்டும்போது இனிப்புப் பயணம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்தார் வெல்லவாயவைத் தேடி வரவே வேண்டாம். பேராதனையில் தொடங்கும் ஏ5 பாதை அவர்கள் வாசலால் போய், பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு கைக்கெட்டிய தூரம். எந்த வழியாகப் போனாலும் அரை நாள் போய்விடும், ஆகவே ஓர் இரவு தங்குகிற மாதிரிப் போக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது சரிவராது. தெற்கு அவர்களுக்குத்தான்.

தங்கினால் காலையில் பிட்டு. பிட்டு எங்கும் உண்டு, ஆனால் மட்டக்களப்பாருக்கும் பிட்டுக்கும் இருக்கிற உறவு வேறு. அவர்களைக் கேலி செய்கிறவர்களும் பிட்டைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் உதிர் உதிராக விழும். வாவி இறால் கறியோடு முதலில் ஒரு தட்டு, பிறகு தயிரும் சீனியும் வாழைப்பழமும் பிசைந்து இன்னொரு தட்டு. பிட்டோடு தயிரா என்று முகம் சுளித்த எங்கள் மூத்தவன் இரண்டாம் தட்டை முடித்துவிட்டு மூன்றாவதைக் கேட்டான்.

அந்தத் தயிர் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிறது. சூரியன் படுகிற கரை படுவான்கரை, எழுகிற கரை எழுவான்கரை என்று அங்கே பெயர். வயலும் மேய்ச்சல் தரையும் படுவான்கரைப் பக்கம், ஊர்களும் கடலும் எழுவான்கரைப் பக்கம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் சித்தாண்டியில் உட்கார்ந்து போராடியதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். நம் தட்டில் விழுகிற தயிருக்குப் பின்னால் அந்தத் தரைகள்தான் இருக்கின்றன. தெற்குத் தயிரா, கிழக்குத் தயிரா என்று கேட்டால், என் நாக்குக்கு இது கொஞ்சம் புளிப்புக் கூடியது, அதனால்தான் சீனியோடு பொருந்துகிறது. மனைவி இதை ஏற்றுக்கொள்வதில்லை.

அம்மாவுக்கு இந்த ஊர் பிடித்ததற்குச் சாப்பாடு பாதிக் காரணம், மீதி பேச்சு. சிங்களத்தில் விலை கேட்கத் தெரியுமே தவிர, தனக்கு வேண்டியதை விளக்கத் தெரியாதவர் அவர். இங்கே கடை வாசலில் நின்று, "தனியாச் சைவமா சமைச்சதுதானே?" என்று தமிழில் விசாரிக்க முடிகிறது. அவர்களுடைய தமிழ் அவருக்குப் புதினம். "மறுகா வாங்க மனே" என்று என்னைப் பார்த்து ஒரு கடைக்கார அம்மா சொன்னதை, வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமைக்கும் கஷ்டமில்லை, டவுனில் சைவக் கடைகள் உண்டு. தோசை, இடியப்பம், சொதி, சம்பல், வடை என்று அவர் பாட்டுக்கு முடித்துவிடுவார்.

இனிப்புக்கு டவுனில் நிற்காதீர்கள். புளியந்தீவுக் கோட்டையையும் 1924 இல் கட்டிய கல்லடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு, தெற்கே சில கிலோமீற்றர் போய்க் காத்தான்குடிக்குள் நுழையுங்கள். நடுத்தெருவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும், ஊர் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அம்பாந்தோட்டையைப் போலல்லாமல் இது நெருக்கியடித்த ஊர். வேனை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கடை கடையாக நடந்தே தின்னலாம். எனக்கு இந்த ஊர் மேல் இருக்கிற பிரியத்துக்கு முதற் காரணம் இந்த நடைதான்.

மஸ்கட்டை நாங்கள் தீபாவளிச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அது அன்றாடப் பண்டம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பால் எடுப்பார்கள். அந்த மாப்பாலைச் சீனியோடும் நெய்யோடும் கிண்டிக் கிண்டிக் கண்ணாடி மாதிரி ஆக்குவதுதான் மஸ்கட். ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கிற கஜு தெரிய வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்பி எழ வேண்டும். கண்ணைக் குத்துகிற பச்சையும் சிவப்புமாக இருப்பதை விட்டுவிட்டு நிறம் குறைந்ததைக் கேளுங்கள். வேறோர் ஊரில் பாதையோரம் மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கிலோ வாங்கி வந்து, வீட்டில் திறந்தபோது எண்ணெய்ச் சிக்கு நாற்றம் அடித்து, லயத்துக் கோழிகள்கூடக் கொத்தாமல் விட்ட அனுபவம் எனக்கு உண்டு. மலிவாக வாங்க வேண்டுமென்றால் கருவாட்டை வாங்குங்கள், மஸ்கட்டை வாங்காதீர்கள்.

வட்டிலப்பம் இன்னொரு மேல்படி. கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப் பால், ஏலம் எல்லாம் அடித்து ஆவியில் வேக வைப்பது. கரண்டி போட்டால் உள்ளே துளைத் துளையாகத் தெரிந்தால் கை பழகியவர் செய்தது. முட்டை போட்டது என்று சொல்லாமல் வெள்ளிக்கிழமையில் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை கொடுத்துவிட்டு இன்னும் பேச்சுக் கேட்கிறேன். வெயிலுக்குப் பலூடா, கசகசாவும் ரோஜாப் பாகும் பாலும் மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீமுமாக. பிள்ளைகளுக்கு அது போதும்.

இரவில் கொத்து ரொட்டி. கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று இந்தப் பக்கத்தார் சாதிப்பார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை, ஆனால் தகரம் அதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க இந்தத் தெருவை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகளைப் பூட்டிவிடுவார்கள், அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் சாப்பாட்டுக் கடை திறக்காது. மாறாக, அந்தி சாய்ந்த பிறகு ஊரே தின்பண்டச் சந்தையாகிவிடும். அப்படி ஒரு மாலையில் போக நேர்ந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கல்லடிக் கடற்கரையில் மாலையில் அவித்த கச்சானும் வடையும் கிடைக்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோவில் திருவிழாப் பக்கம் போனால் கச்சான் கடைகள் வரிசையாக இருக்கும். கச்சான் அல்வாவைக் கல் மாதிரிக் கடிக்கிற பல் இருந்தால் வாங்குங்கள். பல் இல்லாத எங்கள் அம்மா அதை வாயில் அதக்கி வைத்துக்கொண்டு செங்கலடி வரை வந்தார்.

மற்ற ஊர்களைப் பற்றி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தார் இதை வாசித்துவிட்டு, எங்களுக்கு வெல்லவாய எதற்கு என்பார்கள். சரிதான். அவர்களுக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை இருக்கிறது. கோணேசர் கோவிலுக்குப் போவதும் சாப்பிடுவதும் ஒரே பயணத்தில் முடிகிறது. சைவச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்கள் பிள்ளைகளின் கையிலிருக்கிற வடையைக் கேட்டு வரும். தயிருக்கு 2009 இல் திறந்த பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போக வேண்டும். அந்த ஊர்த் தயிருக்குத் தீவு முழுவதும் பெயர் உண்டு. இனிப்புப் பண்டங்களின் பெருக்கத்தில் மட்டும் காத்தான்குடிக்குக் கொஞ்சம் பின்னால்தான் வைப்பேன்.

யாழ்ப்பாணம் நாக்குக்கு ராஜதானி. நல்லூரில் ரியோ ஐஸ்கிரீம், திருநெல்வேலியில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம், பெரிய கடைப் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு மலாயன் கஃபே, பருத்தித்துறை வடை, பயற்றம் உருண்டை, பனங்கட்டி. ஆனால் பண்டாரவளையிலிருந்து போகவே ஒரு நாள், வர ஒரு நாள். நான்கு நாள் விடுமுறையும் அதற்கேற்ற பணமும் உள்ளவர்கள் இந்த ஒப்பீட்டையே வாசிக்க வேண்டியதில்லை, நேரே போங்கள்.

காலிக் கோட்டை அழகு. அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் தேநீருக்குக் காசு வாங்குகிறார்கள்.

வேனில் யார் இருக்கிறார்கள்?

ஊரைப் பார்த்து முடிவெடுப்பதை விட, வேனில் ஏறியிருப்பவர்களைப் பார்த்து முடிவெடுப்பதே எனக்குப் பலித்த வழி. ஒரே நாள் பயணம், இளவட்டங்கள், மாட்டிறைச்சி தின்பவர்கள், சிங்களம் சரளமாக வருகிறவர்கள் என்றால் தெற்கே விடுங்கள். திஸ்ஸவில் தயிர், அம்பாந்தோட்டையில் தொதல், மத்தியானச் சோறு, அந்திக்கு முன் வெல்லவாய. வயதானவர்களும் சைவக்காரரும் சின்னப் பிள்ளைகளும் கலந்து போனால் மட்டக்களப்பு. தூரம் கூடினாலும் அங்கே போன பிறகு ஒருவருக்கும் பட்டினி இல்லை, ஒருவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை. தெற்கில் போனால் யாராவது ஒருவர் பருப்புச் சோற்றோடு சமாளிக்க வேண்டி வரும், அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். பணக் கணக்கில் தெற்கு மலிவு, டீசலும் குறைவு, தங்குமிடச் செலவும் இல்லை. அதை மறைக்க முடியாது. மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் கிழக்கும் தாங்கும்; நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

எங்கே போனாலும் திரும்பும் நாள் காலையில் தயிர் வாங்குங்கள், முதல் நாள் மாலையில் வாங்கி வைக்காதீர்கள். சட்டியை வேனின் தரையில் வைத்தால் எஞ்சின் சூட்டில் நொதித்துவிடும். மடியில்தான் வைக்க வேண்டும். வெல்லவாய வரைக்கும்தான் வெயில் எதிரி. எல்ல ஏறத் தொடங்கியதும் குளிர் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஓகஸ்டுக்கு மட்டக்களப்பு என்று முடிவாகிவிட்டது. மூன்றுக்கு இரண்டு வீட்டார் வாக்கு. தோற்ற கட்சித் தலைவி டிசம்பருக்குத் தெற்கு என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறார். அம்மா நேற்றே கித்துள் பாணிப் போத்தலைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். கிழக்கில் தயிருக்குச் சீனிதானே போடுவார்கள் அம்மா என்றேன். "அவங்க போடட்டும்" என்றார்.